சேந்தன் அமுதனுக்கு ஏன் ராஜ ரத்தம் தேவைப்பட்டது?

14 வயதுப் பிள்ளைக்குப் படிக்க என்ன வாங்கித் தரலாம் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். புத்தகக் காட்சியில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, சுருக்கப் பதிப்பு, படக்கதை, ஒலிநூல் என்று எல்லாம் உண்டு. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு, வாழ்க்கையில் நாவலே படிக்காதவர்களும் ஐந்து பாகத்தையும் வாங்கி அலமாரியில் வைத்தார்கள். பள்ளி நூலகம், பிறந்தநாள் பரிசு, பேச்சுப் போட்டிப் பரிசு எல்லாவற்றிலும் அதுதான். தமிழ்ப் பிள்ளை தன் நாட்டின் கடந்த காலத்துக்குள் நுழையும் வாசல் பாடப்புத்தகம் அல்ல. குதிரையில் வரும் வந்தியத்தேவன்தான் அந்த வாசல்.

அந்தப் புத்தகத்தைத் தடை செய் என்றோ கொளுத்து என்றோ யாரும் சொல்லவில்லை. அது விறுவிறுப்பாக இல்லை என்று சொன்னால் அது பொய். சுரங்கப் பாதை, புயல், சதிக்கூட்டம், ஒற்றன், யானை என்று ஒரு பிள்ளைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. சிக்கலே அங்கேதான். சலிப்பூட்டும் புத்தகம் ஒரு பிள்ளையின் மனத்தில் எதையும் விதைப்பதில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படிக்கிற புத்தகம்தான் உலகம் எப்படி இருந்தது, யார் அதில் நாயகன், யார் தீவட்டி பிடிப்பவன் என்று கற்றுக்கொடுக்கிறது. நாற்பது வயதில் எத்தனை ஆய்வு நூல் படித்தாலும் 'சோழர் காலம்' என்றதும் மனத்தில் எழுவது ஓவியர் மணியம் வரைந்த படங்கள்தான்.

முதலில் சாகசக் கதையின் அடிப்படை விதியைப் பார்ப்போம். சாகசம் நடக்க வேண்டும் என்றால் வழி திறந்திருக்க வேண்டும். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கடம்பூர் மாளிகைக்குள் போகிறான். குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று சுற்றுகிறான். எந்தத் தெருவிலும் நுழைகிறான், எந்தக் கோயிலிலும் நிற்கிறான், எந்த அரண்மனையிலும் பேசியே உள்ளே போய்விடுகிறான். எங்கேயாவது தடுத்தால் அது அரசியல் காரணத்துக்காகத்தான். நீ என்ன சாதி என்று அவனை நிறுத்திக் கேட்பவர் யாருமில்லை. கேட்கத் தேவையும் இல்லை. வாள் இருக்கிறது, குதிரை இருக்கிறது, வாணர் குலம் என்ற பெயர் இருக்கிறது. நாடு போனாலும் குலம் போகவில்லை. அந்தக் குலப் பெயர்தான் அவனுடைய உண்மையான முத்திரை மோதிரம்.

அந்த வழியில் இருந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சேரி இருந்தது. இதைக் கற்பனையில் சொல்லவில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அந்தக் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. வரி இல்லாத நிலம் எது எது என்று எண்ணும்போது ஊர் நத்தம், குளம், கோயில் என்ற வரிசையிலேயே பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி என்றே ஒன்று வருகிறது. சுடுகாடும் தனித்தனி. பிள்ளைகள் சுற்றுலா போய் அண்ணாந்து பார்க்கிற, 1010இல் குடமுழுக்குக் கண்ட அதே கோயிலின் சுவர் இது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அளந்து, எல்லை குறித்து, கல்லில் எழுதிய தீண்டாமை அது. விமானத்தின் உயரம் 216 அடி என்று ஒப்பிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் அடியில் இந்தச் சொற்கள் இருப்பது தெரியும்?

அந்தச் சேரியிலிருந்து ஒரு வாலிபன் கிளம்பி வந்தியத்தேவன் போன வழியில் போயிருந்தால் கதை எத்தனையாவது பக்கத்தில் முடிந்திருக்கும்? முதல் ஊரின் முதல் தெருவிலேயே. இன்றைக்கும் குதிரையில் ஏறினான், புல்லட்டில் வந்தான், செருப்பைக் கழற்றவில்லை என்று அடி விழுகிற நாடு இது. தெருவில் நடப்பதே சாகசமாக இருக்கும் மனிதர்களைப் பற்றி நம்முடைய சாகச இலக்கியத்துக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை. ஐந்து பாகத்தில் கதை ஒருமுறைகூடச் சேரிக்குள் நுழைவதில்லை.

'கல்கி அந்தக் காலத்து ஆள், அவருக்குத் தெரிந்ததை எழுதினார்' என்று உடனே ஒரு சமாதானம் வரும். கல்கிக்குச் சேரி தெரியாமல் இல்லை. 1939இல் படமாக வந்த அவருடைய 'தியாக பூமி'யில் புயலில் வீடிழந்த சேரி மக்களைச் சம்பு சாஸ்திரி தன் வீட்டில் தங்க வைக்கிறார், அதற்காக அக்கிரகாரம் அவரை ஒதுக்கி வைக்கிறது. காந்தியவாதியான கல்கி தீண்டாமைக்கு எதிராக நின்றவர்தான். நிகழ்காலக் கதை எழுதும்போது சேரி கண்ணுக்குத் தெரிகிறது, பொற்காலக் கதை எழுதும்போது அதே சேரி மறைந்துபோகிறது. இது அறியாமை இல்லை. பொற்காலம் என்று ஒன்றைக் கட்ட வேண்டும் என்றால் அதைச் சுமந்தவர்களை எடுத்துவிட்டுத்தான் கட்ட முடியும். தீண்டாமை நடுவில் வந்த சீர்கேடு, ஆதியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்ற காந்திய நம்பிக்கைக்கு இப்படி ஒரு சோழ நாடு தேவைப்பட்டது.

சரி, சேந்தன் அமுதனுக்கு வருவோம். நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவன் அவன்தான். தஞ்சையில் ஒரு குடிசை, நந்தவனம், பூப்பறித்துக் கோயிலுக்குக் கொடுக்கும் தொண்டு, வாய் பேசாத தாய். வாள் பிடிக்கத் தெரியாது, பதவி ஆசை கிடையாது, நண்பனுக்காக உயிரையும் கொடுப்பான். ஓடக்காரப் பெண் பூங்குழலியை மௌனமாகக் காதலிக்கிறான். இத்தனை பெரிய ராஜகுமாரர் கூட்டத்தில் உழைத்துச் சாப்பிடும் ஒருவன் என்று நாம் அவனோடு ஒட்டிக்கொள்கிறோம். கடைசிப் பாகத்தில் கல்கி அவனுக்கு மகுடம் சூட்டுகிறார். பூக்கட்டுகிறவன் சோழ நாட்டு மன்னன் ஆகிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை நடந்துவிடுகிறது. அவன் பூக்காரக் குடிலில் பிறந்தவனே அல்ல, கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான இளவரசன், குழந்தையிலேயே மாறிப்போனவன் என்று தெரியவருகிறது. அவன் குணத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ரத்தம்!

மறுபக்கத்தையும் பாருங்கள். பிறந்த நாளிலிருந்து அரண்மனையில் செம்பியன் மாதேவியின் மடியில், தேவாரமும் சிவபக்தியும் ஊட்டி வளர்க்கப்பட்டவன் மதுராந்தகன். அவன் எப்படிப்பட்டவன்? கோழை, பேராசைக்காரன், சுலபமாகச் சதிக்கு ஆளாகிறவன். ஏன் என்றால் அவன் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை இல்லை, கடற்கரை ஊமைப் பெண் மந்தாகினியின் வயிற்றில் பிறந்தவன். அவனுடைய தகப்பன் வழியும் கடைசியில் பாண்டிய ரத்தத்தில் போய் நிற்கிறது. வளர்ப்பால் ஒருவன் மாற முடியும் என்றால் இந்த இரண்டு பேரும் இடம் மாறியல்லவா இருக்க வேண்டும்? அரண்மனையில் வளர்ந்தவன் பண்பானவனாகவும் குடிசையில் வளர்ந்தவன் குடிசைக்காரனாகவும் இருந்திருக்க வேண்டும். கல்கி எழுதியது நேர் எதிர். ஒருவனைக் குடிசையில் வளர்த்தாலும் ராஜகுணம் வெளிப்படும், இன்னொருவனை ராணி வளர்த்தாலும் அது ஒட்டாது. பிறப்பே எல்லாம் என்ற வருண தர்மத்தை இதைவிடச் சுவையாக ஒரு பிள்ளைக்கு ஊட்ட முடியாது. எந்தச் சாஸ்திரமும் படிக்க வேண்டாம், அமுதனை நேசித்தாலே போதும்.

பூங்குழலி ராணி ஆகிறாளே என்று கேட்பீர்கள். ஆகிறாள். ஆனால் அருள்மொழியை விரும்பியபோது அவள் எட்டாக்கனிக்கு ஆசைப்பட்டவள். மந்தாகினி சுந்தர சோழரை நேசித்த குற்றத்துக்கு வாழ்நாள் முழுவதும் காடும் தீவுமாகத் திரிந்து, கடைசியில் அவர் உயிரைக் காப்பாற்றிச் செத்துப்போகிறாள். கடற்கரை மக்களிலிருந்து வந்து அரண்மனையின் மனசாட்சியாக நிற்கும் பெண்ணுக்கு நாவலாசிரியர் கொடுத்த ஒரே நிபந்தனை, அவளுக்குப் பேச்சு வராது என்பது. அவள் படம் வரையலாம், சைகை காட்டலாம், பலியாகலாம்.

இது எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும். 1950 அக்டோபரில் தொடர் தொடங்கியது, 1954இல் முடிந்தது. அந்த நாலு ஆண்டுகளில் தமிழ்நாட்டில், அதுவும் காவிரிப் படுகையில் என்ன நடந்துகொண்டிருந்தது? சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் செங்கொடி பிடித்த பண்ணையாட்கள் ஊர் ஊராக எழுந்துகொண்டிருந்தார்கள். சீனிவாசராவும் களப்பால் குப்புவும் கட்டிய சங்கம் அது. அதன் அழுத்தத்தில் 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொன்னியின் இரண்டு கரையிலும் பொன் விளைகிறது என்று வாரா வாரம் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்களின் வயலில், அந்தப் பொன்னை விளைத்தவன் கூலி நெல்லுக்காகப் போராடிக்கொண்டிருந்தான்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்தது குலக்கல்வித் திட்டம். பள்ளியில் அரை நேரம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது அது. கல்கி ராஜாஜியின் நெருங்கிய சீடர் என்பது எல்லோரும் அறிந்தது. திருச்செங்கோடு ஆசிரமத்தில் அவரோடு 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். சிரைக்கிறவன் மகன் சிரைக்க வேண்டுமா, வெளுக்கிறவன் மகன் வெளுக்க வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், தமிழில் அதிகம் படிக்கப்பட்ட தொடர்கதை தன் கடைசிப் பாகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1954இல் காமராசர் அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். அதே 1954இல் சேந்தன் அமுதன் முடிசூடினான், பிறப்புச் சான்றிதழோடு. திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. திட்டமிட வேண்டியதே இல்லை, அந்த வீட்டுக் காற்றே அப்படி. குலக்கல்வியை மாநிலம் தோற்கடித்தது. சேந்தன் அமுதனை எழுபது ஆண்டாக நம் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கொலைக்கு வருவோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதானே நாவலின் மர்மம். இணையத்தில் இதற்கென்றே காணொளிகள் மணிக்கணக்கில் ஓடுகின்றன. மர்மம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று உண்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது பார்ப்பன அதிகாரிகளுக்குச் சோழ அரசு கொடுத்த பட்டம். அரசாங்கத்தின் உள்ளே, பட்டத்தோடும் நிலத்தோடும் இருந்தவர்கள் இவர்கள். உத்தரவு போனதும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயத்தின் சபைக்குத்தான்.

நாவலில் ரவிதாசன் எப்படி வருகிறான்? மந்திரவாதியாக. இரவில், காட்டில், ஆந்தைக் குரலோடு, பள்ளிப்படையில் கூடிச் சபதம் எடுக்கும் பாண்டிய ஆபத்துதவியாக. பிள்ளை மனத்தில் பதிவது அந்தப் பயங்கர உருவம். அரசவையில் பூணூலோடு உட்கார்ந்திருந்த பிரமாதிராஜன் பதிவதில்லை. அதே நாவலில் அன்பில் அநிருத்த பிரமராயர் உண்டு. அவர் நாட்டையே மூளையில் சுமக்கும் முதன்மந்திரி. அறிவாளிக்கு அரசவைப் பட்டம், கொலைகாரனுக்கு மந்திரவாதி வேடம். பட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கல்வெட்டில் இன்னும் இரண்டு செய்தி. ஒன்று, பட்டத்து இளவரசனைக் கொன்ற குற்றத்துக்கு அது சொல்வது சொத்துப் பறிமுதலை மட்டுமே, தலை வாங்கியதாக அதில் இல்லை. பார்ப்பனனுக்கு மரண தண்டனை கூடாது என்ற மனுவின் விதியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டு, அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவர் அதைக் கோயிலில் தண்ணீர் இறைத்து வைக்கவும் பிராமணர் உண்பதற்கும் அறக்கட்டளையாக எழுதி வைக்கிறார். பார்ப்பனர் சொத்து பறிபோய், சுற்றிக்கொண்டு பார்ப்பனர் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்தது. இதைவிட நல்ல சாகச நாவல் முடிவை எந்த எழுத்தாளர் யோசித்திருப்பார்?

அரண்மனைப் பெண்களைப் பற்றியும் கொஞ்சம். நாவலில் பணிப்பெண்கள் தீபம் ஏந்துகிறார்கள், ஓலை கொண்டுபோகிறார்கள், சிரிக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் 'வேளம்' என்று ஒன்று வருகிறது. அரண்மனையைச் சார்ந்த பெண்களின் இருப்பிடம் அது, போரில் பிடித்துவந்த பெண்களும் அங்கே வைக்கப்பட்டார்கள். ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து பெரிய கோயிலைச் சுற்றித் தெருக்களில் குடியேற்றினான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும் எந்த ஊர், எந்தக் கோயில் என்பதும் சுவரில் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளமும் மதிப்பும் இருந்தது என்று சிலர் வாதாடுவார்கள், வாதாடட்டும். ஊரை விட்டு வரலாமா என்று அந்த 400 பேரையும் யாராவது கேட்டார்களா? சோழர் காலத்தின் பிற்பகுதியில், பஞ்சத்திலும் கடனிலும் தன்னையும் தன் பிள்ளைகளையும் வழிவழியாகக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டவர்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. வெட்டி, அமஞ்சி என்ற கூலியில்லா வேலையின் பெயர்களும் இருக்கின்றன. ஏரியும் கால்வாயும் தானாகத் தோண்டிக்கொள்ளவில்லை.

'கதையைக் கதையாகப் படியுங்கள், எதற்கு இத்தனை ஆராய்ச்சி' என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்கிறவர்களே 2019 ஜூனில் என்ன செய்தார்கள் என்று நினைவிருக்கிறதா? திருப்பனந்தாளில் ஒரு கூட்டத்தில் இயக்குநர் பா. ரஞ்சித், ராஜராஜன் காலத்தில்தான் தாழ்த்தப்பட்டவர்களின் நிலம் பறிபோனது, அது இருண்ட காலம் என்று பேசினார். வழக்குப் பதிவானது. முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சொன்னதில் எது சரி, எது மிகை என்று ஆய்வாளர்கள் வாதிக்கலாம், வாதித்தார்கள். ஆனால் நாவலாசிரியர் ஒரு ராஜாவைக் குறையே இல்லாத தெய்வமாக்கினால் அது கற்பனைச் சுதந்திரம், ஒரு தலித் கலைஞர் அதே ராஜாவைக் கேள்வி கேட்டால் கலவரத் தூண்டல். கதை வெறும் கதையாக இருந்தால் காவல் நிலையம் எதற்கு?

கதை வெறும் கதையாக இல்லை என்பதற்குச் சாட்சி தஞ்சையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சதய விழாவுக்கும் ராஜராஜன் எங்கள் சாதி என்று எத்தனை சுவரொட்டிகள்! ஒன்றுக்கொன்று பொருந்தாத அரை டஜன் சாதிச் சங்கங்கள், ஒரே ராஜாவுக்கு அரை டஜன் மீசை. 'ஆண்ட பரம்பரை' என்று பைக்கில் ஒட்டிக்கொண்டு போகும் பையனுக்கு அந்தச் சொல்லின் கவர்ச்சி எங்கிருந்து வந்தது? கல்கி சாதிச் சங்கம் நடத்தவில்லை, அவர் மறைந்தே எழுபது ஆண்டு ஆகிறது. ஆனால் ஆள்வதே பெருமை, ஆண்டவன் ரத்தமே தகுதி என்ற உணர்வைத் தித்திப்பாகக் கொடுத்த இலக்கியம் இது. சாண்டில்யன் அதில் கூடுதலாகக் காமத்தைக் கலந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வரை தடுக்கச் சொல்லியிருக்கிறது. கயிற்றை அறுக்கலாம். கயிறு கட்டும் ஆசையை வளர்த்த பெருமிதக் கதைகளுக்குப் பதிலாக அந்தப் பையன்களின் கையில் என்ன கொடுக்கப் போகிறோம்?

இங்கே நம் பக்கத்துத் தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் சிலர் ராஜராஜன் எங்களவன்தான் என்று கிளம்பியிருக்கிறார்கள். அவமானத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ராஜா வேடம் எவ்வளவு ஆறுதல் என்பது புரிகிறது. அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுக்கு முன் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை அரசனாக எழுதினார். ஆனால் அவர் கிரீடத்துக்கு உரிமை கேட்டு அதை எழுதவில்லை. கோயில் வாசலில் தீக்குளித்த அடிமை பக்தன் என்ற கதையைப் புரட்டிப்போட்டு, பவுத்தனான ஒருவன் சூழ்ச்சியால் எப்படி வீழ்த்தப்பட்டான் என்று கேட்டார். தீண்டாச்சேரியைக் கல்லில் வெட்டியவனை நம் தாத்தா என்று கொண்டாடுவது அதற்கு நேர் எதிர். அந்த மகுடம் நம் தலைக்குப் பொருந்தினால் நாம் யாரைச் சேரியில் வைக்கப் போகிறோம்?

சாகசத்துக்கா நம்மிடம் பஞ்சம்? 1429 வாக்கில் விசயநகர ஆட்சியின் கீழ், காவிரி நாட்டில் வலங்கை 98 சாதியும் இடங்கை 98 சாதியும் பகையை மறந்து ஒன்று கூடி, வரி கேட்ட அதிகாரிகளுக்கும் நிலம் வைத்திருந்த பிராமண, வெள்ளாள ஆதிக்கக்காரர்களுக்கும் எதிராக, இனி இவ்வளவுதான் தருவோம் என்று தீர்மானித்துக் கல்லில் வெட்டினார்கள். ஆடுதுறையிலும் கொறுக்கையிலும் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இரவில் ஊர் ஊராகச் செய்தி கொண்டுபோனவன் யார், பிடிபட்டவன் யார், காட்டிக்கொடுத்தவன் யார்? எல்லாம் எழுதக் காத்திருக்கிறது. வாட்டாக்குடி இரணியனை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைக் கிராமத்திலிருந்து மலேயா போய், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, தொழிலாளர்களைத் திரட்டி, ஊர் திரும்பிப் பண்ணையார்களை எதிர்த்துத் தலைமறைவாகி, 1950இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டவர். கப்பல், போர், மாறுவேடம், துரோகம் எல்லாம் நிஜத்தில் நடந்தது. அவர் இறந்த அதே ஆண்டில்தான் வந்தியத்தேவன் குதிரை ஏறினான். எந்தப் பள்ளி நூலகத்தில் இரணியனின் சாகசக் கதை இருக்கிறது?

சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' மூவேந்தர்களை எதிரிகளாக்கி மலை மக்களின் பக்கம் நின்றது நல்ல திருப்பம். இளைஞர்கள் அதைக் கொண்டாடியதே பசி இருப்பதற்கு அடையாளம். அங்கேயும் நடுவில் ஒரு வேள்தான் நிற்கிறான் என்பது வேறு விஷயம். தலித் இலக்கியம் தன்வரலாற்றிலும் நாவலிலும் மலைபோல் சாதித்திருக்கிறது. வெண்மணியைச் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' என்று எழுதினார். ஆனால் 12 வயதுப் பிள்ளை போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிற வரலாற்று சாகசத்தை நாம் இன்னும் எழுதவில்லை. துயரத்தை எழுதத் தெரிந்த நமக்கு விறுவிறுப்பு கொஞ்சம் கீழான வேலை என்ற எண்ணம் இருக்கிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டோம், கல்கி உட்கார்ந்திருக்கிறார்.

வாசிப்பு வட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பொன்னியின் செல்வன் வழித்தடம்' என்று வண்டி வண்டியாகச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள் அல்லவா, நாமும் போவோம். முதல் அத்தியாயத்தை வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்போம், பிள்ளைகள் ரசிக்கட்டும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் உடையார்குடிக் கல்வெட்டு. பிரமாதிராஜன்களின் பெயரை அவர்களே வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே எல். இளையபெருமாளைப் பற்றிச் சொல்லலாம். 1924இல் அந்த ஊரில் பிறந்தவர். கல்கியின் தொடர் ஓடிக்கொண்டிருந்த 1952இல், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குப் போனார். நாடு முழுவதும் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்ன அறிக்கை அது. அந்த ஊரிலிருந்து டெல்லி வரை அவர் எப்படிப் போனார், எந்தெந்தத் தெருவில் யார் யார் அவரை மறித்தார்கள் என்று பிள்ளைகளே எழுதிப் பார்க்கட்டும்.